பஸ்ஸுக்குப் போட்ட ஸ்வெட்டர்

"மூடுபனியைப் பின்னிப் பாத்திருக்கீகளா யாராவது?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

நிழற்குடைக்குள் இருந்த மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட் அது. பிள்ளைகளை ஏற்றிவரும் பள்ளிக்கூட ஜீப் சொன்ன நேரத்துக்கு என்றைக்குமே வந்ததில்லை. அது வரும்வரைக்கும் குளிரையும் மங்களேஸ்வரியையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அங்கே காத்திருக்கும் தாய்மாரின் வேலை.

உண்மையில் அவளிடம் கேட்கப்பட்டது வேறு கேள்வி. கேட்டது ரோஸ்லின். எஸ்டேட் மகளிர் குழுவுக்குத் தலைவி. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசுவது என்று அளந்து வைத்திருப்பவள் மாதிரி பேசுகிற ஆள். "மங்களேஸு, உனக்கு ஸ்வெட்டரைச் சேர்க்கத் தெரியுமா?" என்பதுதான் கேள்வி.

வருசா வருசம் குளிர் காலத்தில் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்துக் குழந்தைகளுக்குக் குழுவில் ஸ்வெட்டர் பின்னித் தருவார்கள். முதுகு, முன்பக்கம், கை என்று தனித்தனித் துண்டாகப் பின்ன நிறையப் பேர் இருக்கிறார்கள். அதையெல்லாம் சேர்த்து, தோளில் கையை உட்கார வைத்து, கழுத்தை எடுத்து, ஒரு உடுப்பாக ஆக்குவதற்குத்தான் ஆள் கிடையாது. போன வருசம் அந்த வேலையைக் கடைவீதி டெய்லரிடம் கொடுத்தார்கள். சட்டைத் துணிக்கு வெட்டுகிற மாதிரியே அவரும் கழுத்தை இறுக்கி வைத்துவிட்டார். வழங்கும் விழாவில் மேனேஜர் வீட்டம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு பிள்ளைக்கு மாட்டிவிட்டார்கள். தலை உள்ளே போகவில்லை. அவர்களும் சிரிப்பை நிறுத்தாமல் இழுத்தார்கள். ஆபீஸ் சுவரில் அந்தப் போட்டோ இன்னும் தொங்குகிறது. மேனேஜர் வீட்டம்மா இருக்கிறார்கள், ஸ்வெட்டர் இருக்கிறது, கீழே இரண்டு கால் இருக்கிறது. பிள்ளை யார் என்பது பெற்றவளுக்கே தெரியவில்லை.

இந்த வருசம் குழுவிலிருந்தே ஒருத்தி சேர்க்க வேண்டும் என்று ரோஸ்லினுக்குப் பிடிவாதம். நாளைக்கு உல்லன் நூல் மூட்டை வருகிறது. இன்றைக்கு ஆள் அமையாவிட்டால் மறுபடியும் டெய்லர்தான்.

மங்களேஸ்வரிக்கு அந்த வேலை வேண்டும். கூலிக்காக இல்லை. அவள் வாழ்க்கைப்பட்டு இந்த மலைக்கு வந்தவள். பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே கம்பளி என்றால் முருங்கை மரத்தில் ஊர்கிற பூச்சி ஒன்றுதான். இங்கே வந்த முதல் பனிக்காலத்தில், அத்தனை பேர் உடம்பிலும் நூலே கையாகவும் கழுத்தாகவும் வளைந்து நிற்பதைப் பார்த்து ஆடிப்போனாள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள். தோளில் கை சேருகிற இடத்தையே உற்றுப் பார்ப்பாள். இதனால் வனக்காவலர் ஒருவர் அவள் எதிரே வந்தால் பாதை மாறிப் போக ஆரம்பித்தார். செல்போனில் பார்த்துப் பார்த்து, மகள் சுடரை மடியில் கிடத்திக்கொண்டே ஊசி பிடித்துப் பழகினாள். முதுகு பின்னினாள், முன்பக்கம் பின்னினாள், கை பின்னினாள். சேர்க்கத்தான் துணிச்சல் வரவில்லை. கழுத்து என்று நினைத்தாலே அந்தக் குளிரிலும் அவள் கழுத்தில் வியர்த்தது. துண்டுகள் எல்லாம் துணிப்பையில் சுருண்டு கிடந்தன. போகிற இடமெல்லாம் அந்தப் பையும் கூடவே போனது.

'இன்னும் சேர்த்ததில்லைக்கா, கத்துக்கிடணும்னு ஆசையா இருக்கு' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது மூடுபனி.

"போன வாரம் காலையில வாசல்ல உக்காந்து ஸ்வெட்டருக்குக் கை பின்னிக்கிட்டு இருக்கேன். பாதியில நூல் தீந்துபோச்சு. கடைக்குப் போவம்னா கடையே தெரியலை, அம்புட்டு மூட்டம். சரி, இது சும்மாதானே போகுதுன்னு, மூட்டத்தை ஓரமா ஒரு கிள்ளு கிள்ளி, லேசாத் திரிச்சு ஊசியில மாட்டுனேன். என்னா வழுவழுன்னு வருதுங்கிறீக! முழங்கை தாண்டிருச்சு, மணிக்கட்டு வந்துருச்சு. வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை."

"எங்கே அது, காட்டு," என்றாள் தேவானை. கொழுந்துக் கூடையை இன்னும் முதுகிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தவள். மழை கொட்டினாலும் கையை நீட்டி நனைத்துப் பார்த்த பிறகுதான் குடையை விரிக்கிற ரகம்.

"எங்கிட்டுக் காட்ட? எட்டு மணிக்கு வெயில் வந்துச்சு, கை போயிருச்சு."

"அது சரி. மூட்டத்துல கிள்ளி எடுத்தியே, எடுத்த இடத்துல ஓட்டை விழுந்திருக்கணுமே?"

"விழுந்துச்சே! அந்த ஓட்டை வழியாத்தானக்கா அன்னைக்கு நீங்க பாதை தெரிஞ்சு வேலைக்குப் போனீக! வாயைத் திறந்து ஒரு வார்த்தை நல்லது சொன்னீகளா?"

நசீமா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கல்யாணமாகி வந்து, பிள்ளையை இந்த வருசம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாள். சிரிப்புக்குக் காரணம் எதுவும் தேவைப்படாத பெண்.

"நான் கேட்டது சேர்க்கத் தெரியுமான்னு," என்றாள் ரோஸ்லின்.

"சேர்க்கிறதா? மனுசருக்குச் சேர்க்கிறது என்னக்கா பெரிய காரியம், ரெண்டே கை. நான் நாலு கை வச்சே சேர்த்திருக்கேன்."

"யாருக்குடி நாலு கை?" என்றாள் தேவானை.

"காட்டெருமைக்கு."

தேவானை இப்போதுதான் கூடையை இறக்கி வைத்தாள்.

"எங்க லைன் வீட்டுக்குப் பின்னால ஒண்ணு வந்து நின்னுச்சு. ஆளுக எல்லாம் கதவைச் சாத்திட்டாக. நான் சன்னல் வழியாப் பாக்குறேன், வெடவெடன்னு நடுங்குது. பாவமா இருந்துச்சு. இஞ்ச் டேப்பை எடுத்துக்கிட்டுப் போனேன். நெஞ்சளவு எடுக்கையில மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டுச்சு. மறுநாளே பின்னி முடிச்சு, 'கையைத் தூக்கு கண்ணு'ன்னேன். முன்னங்கால் ரெண்டையும் தூக்குச்சு பாருங்க, எம்மக சுடரு கூட அப்படி ஒழுங்காத் தூக்க மாட்டா!"

"முன்னங்காலைத் தூக்குனா அது உன்மேலதான விழணும்?"

"பின்னங்கால்ல நின்னுச்சுக்கா. நல்லா வளர்ந்த மாடு. இப்ப எல்லா எருமைக்கும் வேணுமாம். ஃபாரஸ்ட்காரவுக கணக்கெடுக்க வந்தப்ப, சிவப்பு ஸ்வெட்டர் போட்டது மாடா ஆளான்னு தெரியாம, பேரு என்னன்னு கேட்டிருக்காக."

"கொம்பு?" என்றாள் தேவானை. "கழுத்து வழியா அம்மாம் பெரிய கொம்பு எப்படி நுழைஞ்சுது?"

"அதுதானே வேலை! கொம்புக்கு ஒண்ணொண்ணா தனி வாசல் விட்டு, ஓரத்துல பட்டன் வச்சிருக்கேன். மேயப் போறப்ப மாட்டிக்கிரும், படுக்கையில கழட்டிக்கிரும்."

"எருமைத் தலை நுழையிற கழுத்து நீ வச்சிருவ," என்றாள் ரோஸ்லின். "பிள்ளைத் தலை நுழையிற கழுத்து வைப்பியா?"

மங்களேஸ்வரி பையின் வாயைச் சுருக்கிப் பிடித்தாள். இந்த ரோஸ்லின் எந்தப் பக்கம் ஓட்டினாலும் கழுத்துக்கே வந்து நிற்கிறாள். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். 'சொல்லு, சொல்லு' என்று மனசு இடித்தது. நாக்கு முதுகுளத்தூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டது.

"என்னைப் பெத்த அய்யா தலையே நுழைஞ்சுச்சே! எங்க ஊர்ல அய்யா தலைக்குத் துண்டு வாங்குனா ஒண்ணு பத்தாது. சித்திரை மாசம் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்புனேன்."

"சித்திரையிலயா? முதுகுளத்தூருக்கா?" நசீமாவுக்குச் சிரிப்பே நின்றுவிட்டது. "மனுசர் வெந்துபோக மாட்டாராக்கா?"

"அங்கதான் தொழில் இருக்கு. இங்க மார்கழியில உக்காந்து பின்னுனதுல்ல? அம்புட்டுக் குளிரும் பின்னல் கண்ணிக்குக் கண்ணி சிக்கிக் கிடந்திருக்கு. அங்க போயி அய்யா மாட்டுனதும் பல்லு கிட்டிப்போச்சு. தெருவே திரண்டு வந்து அவரைச் சுத்திப் பாய் விரிச்சுப் படுத்துருச்சு. குச்சி ஐஸ்காரரு மணியடிச்சுக்கிட்டே வந்தவரு, வண்டியை நிறுத்திட்டு அவரும் ஒரு ஓரமா உக்காந்துட்டாரு. அய்யா இருமுனா முற்றத்துல ஆலங்கட்டி விழுகுதாம். பொறுக்கி மோருல போட்டுக் குடிக்கிறாக."

"சளி பிடிக்கலையா?" என்றாள் தேவானை.

"பிடிக்காம? எங்க ஊர்ல சித்திரையில சளி பிடிச்ச முதல் ஆளு அவருதான். பெரியாஸ்பத்திரி டாக்டரே வந்து கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு."

ஜீப் வருகிறதா என்று ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். அவள் எழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது, வேலையும் டெய்லருக்குப் போய்விடும் என்பது மங்களேஸ்வரிக்குப் புரிந்தது. இனி சின்னதாகச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தாள்.

"எருமையை விடுங்க, அய்யாவை விடுங்க. நம்ம மேட்டுப்பாளையம் முதல் பஸ்ஸு காலையில ஸ்டார்ட் ஆகாம இருமிக்கிட்டே கிடக்குமா இல்லையா?"

"கிடக்கும்," என்றாள் தேவானை. அன்றைய பேச்சில் அவள் ஒத்துக்கொண்ட முதல் சங்கதி அது.

"ஏன் கிடக்கு? ராத்திரி பூரா பனியில நனைஞ்சு உடம்பு விறைச்சுப்போகுது. அதுக்கு ஒண்ணு போட்டேன். சன்னலுக்கெல்லாம் பட்டன் ஓட்டை. முன் வாசலுக்கு ஒரு கழுத்து, பின் வாசலுக்கு ஒரு கழுத்து. ஒரே உடம்புல ரெண்டு கழுத்து வச்சுச் சேர்த்தவளைப் பாத்து, சேர்க்கத் தெரியுமாங்கிறீக! மாட்டிவிட்டதும் சாவியே போடலை, பஸ்ஸு சும்மா பூனை மாதிரி குர்குர்னு கிளம்பிருச்சு. டிரைவர் ஓடிவந்து ஏறிக்கிட்டாரு."

"ஏறட்டும். அப்புறம்?"

"முதல் வளைவுல ஒரு உண்ணிச்செடி. அதுல ஒரு நூல் மாட்டிக்கிருச்சு. பஸ்ஸு இறங்க இறங்க ஸ்வெட்டரு பிரியுது. ரெண்டாவது வளைவுல மேல்கூரை போச்சு, அடுத்ததுல சன்னலெல்லாம் போச்சு. பர்லியாறு ஆளுகளுக்கு..."

"பர்லியாறு குன்னூர் ரோட்டுல இருக்கு. நம்ம பஸ் அந்த வழியே போகாதே," என்றாள் தேவானை.

"சுத்திப் போனாகக்கா! குறுக்கப் பேசாம மேல கேளுங்க. மேட்டுப்பாளையம் ஸ்டாண்டுல பஸ்ஸு போயி நிக்கையில மேல ஒரு பொட்டு நூல் கிடையாது. வெக்கப்பட்டுப் பாக்குமரத்துக்குப் பின்னால நின்னுச்சாம். நான் இங்க மேல நிக்கேன். செடியில நூல் முனை ஆடுது. அம்புட்டு நூலையும் விட்டுற முடியுமா? பந்தாச் சுத்திக்கிருவம்னு இழுத்தேன். நூலோட கடைசி முடிச்சை நான் பம்பர்லதான் போட்டிருந்தேன், அது எனக்கு மறந்துபோச்சு. நான் சுத்தச் சுத்த நூலு கனமா வருது. ஈரமா இருக்கும்போலன்னு இன்னும் தம் கட்டி இழுக்கேன். பாத்தா, பின்பக்கமா ஊர்ந்து ஊர்ந்து பஸ்ஸு மலையேறி வருது, உள்ள அம்புட்டு சனம்! திரும்பி வந்ததுக்கு டிக்கெட்டு எடுக்கணும்னு கண்டக்டரு, நாங்களா வந்தோம்னு சனம், ஒரே சண்டை. ஒரு பெரியவரு மட்டும் சந்தோசமா இறங்கிப் போனாரு. வீட்டுல கண்ணாடியை மறந்து வச்சிட்டுப் போயிருக்காரு."

நசீமா பெஞ்சில் சாய்ந்தே விட்டாள். தேவானை மட்டும் சிரிக்காமல் முகத்தை முறைப்பாக வைத்திருந்தாள்.

"அன்னைக்கு அந்த பஸ்ஸுல நானும் இருந்தேன்," என்றாள்.

மங்களேஸ்வரி இதை எதிர்பார்க்கவில்லை. "நீங்களா?"

"ஆமா. மேட்டுப்பாளையத்துல சன்னல் வழியா டீ வாங்கி, ஒரு வாய் குடிக்கல, பஸ் பின்னால இழுக்குது. டம்ளரோட வந்துட்டேன். டீக்கடைக்காரன் இன்னும் என்னைத் திருடிங்கிறான். அதுக்கு என்ன பதில் சொல்ற? இங்க கொண்டா அந்தப் பையை! பஸ்ஸுக்கே போட்டவ கைவேலையை நாங்களும் பாக்குறோம்."

பிடுங்கியேவிட்டாள். மங்களேஸ்வரி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். கொழுந்து பறிக்கிற கைக்கு முன்னால் ஊசி பிடிக்கிற கை என்ன செய்யும்?

துண்டுகளை எடுத்து ரோஸ்லின் பெஞ்சில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். சின்னப் பிள்ளைக்குப் பட்டன் வைத்துப் போடுகிற ஸ்வெட்டர், மாம்பழ நிறம். முதுகு வந்தது. "அழகா இருக்குக்கா," என்றாள் நசீமா. மெய்யாகவே அழகாகத்தான் இருந்தது. கை இரண்டும் வந்தன. அதிலும் குறையில்லை. தேவானை கூட விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மங்களேஸ்வரிக்கு லேசாக மூச்சு வந்தது.

முன்பக்கத்தில் ஒரு பாதியை ரோஸ்லின் இடது புறம் வைத்தாள். அக்குள் வளைவு வெளியே பார்த்தது, கழுத்து வளைவு உள்ளே பார்த்தது. சரி. இன்னொரு பாதியை எடுத்து வலது புறம் வைத்தாள். அக்குள் வளைவு நடுவில் வந்து நின்றது. கழுத்து வளைவு தோளுக்கு வெளியே போய்த் தொங்கியது. திருப்பிப் போட்டாள். வளைவுகள் சரியான இடத்துக்கு வந்தன. ஆனால் முடிச்சும் நூல்வாலுமாகப் பின்னலின் உள்பக்கம் மேலே தெரிந்தது. மறுபடியும் திருப்பினாள்.

இரண்டும் இடது பக்கம்.

முதல் பாதியை முடித்ததும், அடுத்தது அதே மாதிரி இருக்க வேண்டுமே என்று மங்களேஸ்வரி அதைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு வரிசைக்கு வரிசை ஒத்துப் பார்த்துப் பின்னியிருந்தாள். ஒரு கண்ணி கூடக் குறையவில்லை, ஒரு கண்ணி கூடக் கூடவில்லை. அவ்வளவு சுத்தமான தப்பு. வீட்டில் எத்தனை தடவை விரித்துப் பார்த்திருக்கிறாள்! ஏதோ இடிக்கிற மாதிரி தெரியும். தூக்கக் கலக்கம், கண் சொருகுகிறது என்று மடித்து வைத்துவிடுவாள். இப்போது பட்டப்பகலில் பளிச்சென்று தெரிந்தது.

தேவானைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்ததும் நிற்கவில்லை. "ஏ பிள்ள, நெஞ்சு ரெண்டும் ஒரே பக்கமா உள்ள ஆளு எந்த ஊர்லடி இருக்கான்? எருமைக்கு நாலு கை சரியா வச்சவளுக்கு, ஒரு பச்சப்பிள்ளைக்கு வலது பக்கம் கிடைக்கலையா?"

எல்லோரும் மங்களேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்கள். ரோஸ்லினும் பார்த்தாள். 'தப்பாப் போச்சுக்கா' என்கிற ஒரே வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாக்கு அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

"இது ஒரு பிள்ளைக்குன்னு யாரு சொன்னா? ரெட்டைப் பிள்ளைக்கு! இடது பக்கம் ரெண்டையும் முதல்ல முடிச்சுட்டேன். வலது பக்கம் ரெண்டும் இனிமேதான். ஒரே மூச்சுல ஒரே பக்கமா முடிச்சாத்தானே கை பழகும்?"

தேவானை முன்பக்கத் துண்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். வரிசைக்கு வரிசை ஒத்துப்போயின. மறுக்க ஒரு இடம் தேடி அவளுக்கு அகப்படவில்லை. மங்களேஸ்வரிக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

ரோஸ்லின் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்தாள். கண்ணிகளை விரலால் நெருடிப் பார்த்தாள். "பின்னல் சுத்தமாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, "ரெட்டைப் பிள்ளைக்கா?" என்றாள்.

"ஆமாக்கா."

"நல்லதாப் போச்சு. காப்பகத்துல ஒரு ரெட்டை இருக்கு. மேல் லைன் ராசம்மா பெத்தது. வர்ற ஞாயித்துக்கிழமை அதுகளைக் கொண்டுவரச் சொல்றேன். ரெண்டு ஸ்வெட்டரையும் சேர்த்து, கழுத்து வச்சுக் கொண்டா. கழுத்து இறுக்காம மேல் பட்டன் வரைக்கும் பூட்டுச்சுன்னா, காப்பகத்துக்குச் சேர்க்கிற வேலை பூராவும் உனக்கு. பூட்டலைன்னா டெய்லருக்கு."

மங்களேஸ்வரியின் மனசு ஒரு குதி குதித்தது. வேலை! கைக்கு எட்டிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஆனா ரெட்டைன்னா," என்று நசீமா வெள்ளந்தியாகக் கேட்டாள், "இதுல ஒரு முதுகுதானே இருக்கு? கையும் ரெண்டுதான் இருக்கு. இன்னொரு முதுகும், இன்னும் ரெண்டு கையும் வேணுமேக்கா?"

குதித்த மனசு அப்படியே கீழே உட்கார்ந்தது. தப்பை ஒத்துக்கொண்டிருந்தால் வலது பக்கம் ஒன்று பின்னினால் போதும். இப்போது வலது பக்கம் இரண்டு, ஒரு முதுகு, இரண்டு கை. ஞாயிற்றுக்கிழமைக்குள். வீட்டில் சோறு எப்போது பொங்குவது, பிள்ளையை எப்போது குளிப்பாட்டுவது? இதையெல்லாம் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நாக்கு சொல்லிவிட்டது:

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு வீட்ல மடிச்சு வச்சிருக்கு."

கீழ் வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. தேவானை கூடையைத் தூக்கி முதுகில் மாட்டினாள். மங்களேஸ்வரி நகரவில்லை. முதல் பாதியில் கண்ணி குறைத்த ஓரத்துக்கு எதிர் ஓரத்தில் குறைக்க வேண்டும், அங்கே அக்குள், இங்கே கழுத்து என்று விரல்கள் மடியில் வெறும் காற்றைப் பின்னத் தொடங்கியிருந்தன.

ரோஸ்லின் பையை அவள் மடியில் வைத்துவிட்டுக் குனிந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"மங்களேஸு, எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. இனிமே புளுகுறப்ப ஒத்தைப் பிள்ளைக்கே புளுகு. உல்லன் நூலு அளவாத்தான் வருது."